விழுந்த வகை

ஜெலுத்தோங்கில் டயர் கடைக்கு மேல்மாடி.
செவ்வாயும் வெள்ளியும் இரவு எட்டு மணி.
பாய்களின் ஓரம், தண்ணீர்ப் பீப்பாய்க்கு மேலே
பிளாஸ்டிக் உறையிட்டு ஒட்டிய பட்டியல்:
எறிதல்கள் அறுபத்தெட்டு.
மஞ்சள் பெல்ட்டுக்குப் பெயர் ஒப்பிக்க வேண்டும்.
நாற்பத்தொரு வயதில் மறுபடி மனப்பாடம்.

ஓ, பெரியது. கோ, சிறியது.
சோத்தோ வெளியே.
உச்சி உள்ளே (நம் உச்சி அல்ல).
காரி என்றால் அறுத்தல்,
அரிவாள் கதிரை அறுப்பதுபோல்
ஊன்றி நிற்கும் காலை.
ஐந்து சொல் தெரிந்தால்
நான்கு விதமாய் ஆளைக் கிடத்தலாம்.

அதற்குப் பிறகுதான் குழப்பம்.
எதிராளியை மூட்டைபோல் முதுகில் ஏற்றி எறிவது
கை வகையில் இருக்கிறது.
பார்த்தால் இடுப்பு வேலையாய்த் தெரியும் உச்சி மாத்தா
கால் வகையில்.
"பெயர் வேறு, இனம் வேறு.
உன்னை உண்மையில் வீழ்த்தியது எது என்று பார்"
என்றாள் சியூ லிங், என் ஜோடி,
மீன் மொத்தக் கடையில் கணக்கெழுதுபவள்.
சொல்லி முடிக்கும்போது நான் பாயில் கிடந்தேன்.
"இது என்ன வகை?"
அவள் நீட்டிய காலில்தானே தடுக்கியது.
"கால்."
"கை. தாய் ஓத்தோஷி."
தாய் என்றால் அவர்கள் மொழியில் உடல்.
என் சட்டைக் கையை அவள் சுண்டி இழுத்ததை
நான் கவனிக்கவே இல்லை.
விழுகிறவளுக்குக் கூரை விசிறிதான் தெரியும்.

பகலிலும் எனக்கு இதே பிழைப்பு.
ஆஸ்பத்திரி ஆவணப் பிரிவு, சன்னல் இல்லாத அறை.
டாக்டர்கள் எழுதியதைக் குறியீடாக மாற்றுவேன்.
வழுக்கி விழுந்தால் டபிள்யூ ஒன்று.
கட்டிலிலிருந்து ஆறு. படிக்கட்டு பத்து. மரம் பதினான்கு.
பழக் காலத்தில் பாலிக் புலாவிலிருந்து
பதினான்குகள் வரிசையாக வரும்.
டுரியான் தலையில் விழுந்தால் அது வேறு, இருபது.
எங்கிருந்து, எதன்மேல், எந்த இடத்தில்,
எல்லாவற்றுக்கும் எண் உண்டு.
எந்தக் கை என்று கேட்கும் கட்டம்
அந்தப் பக்கத்தில் இல்லை.

புதன்கிழமை ஒரு கோப்பு.
வயது முப்பத்து மூன்று, ஆயர் ஈத்தாம்.
'தெர்ஜாத்தோ', குளியலறை.
இந்த ஆண்டில் மூன்றாவது.
மலாயில் அந்தத் 'தெர்' சின்ன ஒட்டு:
நினையாமல், தானாக, யாரும் செய்யாமல்.
தமிழுக்கு ஒரு குறில் போதும்,
விழுந்தாள்.
அதை நெடிலாக்கி ஒரு 'த்'தைச் செருகினால்
இன்னொருவன் உள்ளே வந்துவிடுவான்,
வீழ்த்தினான்.
தன்வினை, பிறவினை,
ஆறாம் வகுப்பில் இரண்டு மார்க்.

மேல்கையில் வரிசையாக நான்கு கன்றல்,
உட்புறம் தனியாக ஒன்று.
டாக்டர் சென்டிமீட்டரில் அளந்து எழுதியிருந்தார்,
காரணம் எழுதவில்லை.
எனக்கு அந்த இடம் தெரியும்.
புதன் காலைகளில் என் கையிலும் அங்கேதான் நீலம்.
அங்கே பிடித்து இழுத்து
பாரம் ஒற்றைக் காலுக்கு வந்ததும் திருப்ப வேண்டும்.
ஆனால் நான், விழுந்ததும், எழுந்து
அவளுக்குத் தலை வணங்குவேன்.
அவளும் எனக்கு.

எழுதியதைத்தான் குறியிடலாம்,
ஊகிக்கக் கூடாது, விதி.
விளக்கம் கேட்கும் சீட்டு ஒன்று இழுப்பறையில் உண்டு,
யாரும் தொடாமல் ஓரம் பழுத்தது.
'காயம் நேர்ந்த விதம்' என்ற இடத்தில்
முதலில் 'கை வகை' என்று எழுதிவிட்டேன்.
கிழித்துப் போட்டு வேறு சீட்டில் எழுதினேன்:
குளியலறைத் தரைக்கு ஐந்து விரல் உண்டா, டாக்டர்?
அதையும் கிழித்தேன்.
மூன்றாவதில், முறையான மலாயில்,
தயவுசெய்து தெளிவுபடுத்தவும்.

வெள்ளிக்கிழமை தேர்வு.
தானி ஓத்தோஷி ஒன்றைத்தான் தப்பாகச் சொன்னேன்.
கால் இல்லையாம்.
தானும் கூடவே பக்கவாட்டில் விழுந்து
மற்றவரை வீழ்த்துகிற வகையாம்.
பெல்ட் கிடைத்தது.
சியூ லிங் வாங்கிக் கொடுத்த கோய் தியோவில்
சிப்பி கூட இருந்தது.

சீட்டு இன்னும் திரும்பி வரவில்லை.
எண் போடாத கோப்பு
மாதக் கடைசியில் திரையில் சிவப்பாகும்,
சூப்பர்வைசர் பெயர் சொல்லிக் கூப்பிடுவார்.
ஆகட்டும்.